டார்லீன் வீட்டுக் கண்ணாடிப் பாத்திரம்

மேல வேண்டாம் தாயி, மடியிலயே இருக்கட்டும். கண்ணாடிச் சாமான். இந்த டிரைவர் ஓட்டுற ஓட்டுக்கு மேல வச்சா எவன் தலையிலயாவது இறங்கும். பாரமெல்லாம் ஒண்ணுமில்லை, வெறும் பாத்திரம்தான். வெறும் பாத்திரமா இருக்கிறதுதான் இப்பம் சிக்கலே.

நீ எங்க இறங்கணும்? ராஜபாளையமா? அப்பம் நேரம் கிடக்கு. நான் சங்கரன்கோவிலு. பேரு சுடலைமுத்து. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மெஸ் வச்சிருந்தேன், உங்க வீட்டுல பெரிய ஆளுக யாராவது இருந்தா கேட்டுப் பாரு, என் கடைப் பரோட்டாவைச் சொல்லுவாக. படிப்பு மூணாங்கிளாசோட சரி. ஆனா காது சுத்தம். கல்லாவுல உக்காந்துக்கிட்டே, உள்ள கல்லுல கிடக்கிற தோசை திருப்புற பதமா, கருகுற பதமான்னு சத்தத்தை வச்சே சொல்லிருவேன். மாஸ்டருங்களுக்கு என்னைக் கண்டா அதனாலயே பயம்.

எங்கிருந்து வாரேன்னு கேட்டியே. அமெரிக்காவுலருந்து. சிரிக்காத தாயி, நெசமாத்தான். காலையில மதுரையில வந்து இறங்குனேன். டாக்ஸி ஏற்பாடு பண்ணுதேன்னு மகன் சொன்னான். வேண்டாம்னுட்டேன். பஸ்ஸுலன்னா நாலு மனுச முகம் பாக்கலாம், நம்ம பாஷையை நாலு பேரு பேசக் கேக்கலாம்.

அமெரிக்கான்ன உடனே நீ உசர உசரமாக் கட்டடத்தை நினைச்சிருப்பே. நானும் அப்படி நினைச்சுத்தான் போனேன். அங்கன போயிப் பாத்தா நம்ம கரிசக்காடு பரவாயில்லை. கேன்சாஸ்னு ஒரு மாநிலம். அதுல நம்ம தாலுகா மாதிரி ஒரு பிரிவு, கவுண்டின்னு சொல்லுதாக. எந்தப் பக்கம் திரும்புனாலும் மக்காச்சோளம். நடுவுல ஒரு தெரு, அதுதான் ஊரு. தெருவுல பாதிக் கடைக்குப் பலகை அடிச்சு மூடியாச்சு. ஒரு கிலோ வெங்காயம் வாங்கணும்னா இங்கருந்து மதுரைக்குப் போற தூரம் காருல போகணும். பைப்புத் தண்ணியில என்னமோ உப்பு கலந்துருக்காம், பச்சைப்பிள்ளைக்குக் குடுக்காதீகன்னு பஞ்சாயத்துலயே ஒட்டியிருக்கான். காட்டுக்குக் காடு வீடு நிக்கும், ஆளிருக்காது. பிள்ளைகள்லாம் டவுனுக்குப் போயாச்சு. ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சாம், கட்டுப்படியாகலைன்னு இழுத்து மூடிட்டாக. டாக்டரு செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாரு. இதுதான் தாயி அமெரிக்கா. நான் சொன்னா சங்கரன்கோவில்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்.

எம்மகன் வேலு அங்கன பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. அந்த ஊருக்கு வர எந்த வாத்தியாரும் சம்மதிக்கலையாம், இவன் போனான். ஒரே பிள்ளை. கல்யாணம் வேண்டாம்னுட்டான், அது தனிக் கதை. அவங்கம்மா பேச்சி தவறிப்போன பிறகு, தனியாக் கிடக்காதீகப்பான்னு வந்து என்னையக் கூட்டிட்டுப் போனான். நல்ல பிள்ளைதான். குத்தம் சொல்ல வரல. ஆனா ஊருக்கு உழைக்கிறதுல பாதி, பெத்தவனுக்குச் செய்யணும்ல?

அது எப்படின்னா, அங்கன தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் கவருமெண்டு ஆளு ஓட்டுறது இல்லை. ஊர்க்காரங்களே ஓட்டணும், சம்பளம் கிடையாது. முடிவெட்டுறவரு, டிராக்டர் மெக்கானிக்கு, தபால்காரம்மா, அவுகளோட எம்மகன். ஆளுக்கொரு பேஜர் இடுப்புல தொங்கும். எங்கயாவது தீ, யாருக்காவது நெஞ்சுவலின்னா அது கத்தும். கத்துனா சோத்துல கைய வச்சிருந்தாலும் ஓடிரணும். அவுக போகலைன்னா அடுத்த கவுண்டியில இருந்து வண்டி வரணும், அது வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்.

போன வருசம் பேச்சியோட முதல் திதி. நானே கைப்பட எல்லாம் சமைச்சேன். அவளுக்குப் பிடிச்ச அவரைக்காய்ப் பொரியல், உளுந்த வடை, பாயாசம். அந்த ஊருல அவரைக்காய் கிடைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படத்துக்கு முன்னால இலை போட்டு, வேலு வேட்டி கட்டிக் கும்பிடுதான். காக்காய்க்குச் சோறு எடுத்து வைக்கப் போகையில அந்தப் பேஜர்ச் சவம் கத்துச்சு பாரு. வேட்டியோட ஓடிட்டான் தாயி. எவனோ ஒரு கிழவன் மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டானாம். திரும்பி வரையில சாயங்காலம். இலையில சோறு காஞ்சு விறைச்சுப் போச்சு. காக்கா தொடல. எம்பொண்டாட்டி முத வருசமே பசியோட திரும்பிப் போயிட்டா. உயிரோட இருக்கையில ஒருநாளும் அவளைப் பட்டினி போட்டவன் இல்லை நான். மெஸ்ஸுல கடைசிப் பந்தி முடிஞ்சதும் அவளுக்குத்தான் முதல்ல இலை போடுவேன். அது மனசுல முள்ளாக் குத்திக்கிட்டே கிடந்துச்சு.

இரு, ராயைப் பத்திச் சொல்லலையே. பக்கத்து வீடு. பக்கத்து வீடுன்னா நம்ம ஊரு பக்கத்து வீடு இல்லை, நடுவுல ஒரு சோளக்காடு கிடக்கும். எங்க முத்தத்துல நின்னா அவரு வீட்டுத் தானியக் குதிருக தெரியும். நம்ம வீட்டுக் குதிரா, கோயில் கோபுர உசரம் தாயி, தகரத்துல வெயில் பட்டுப் பளபளன்னு நிக்கும். என் வயசுதான் ராய்க்கும். பொண்டாட்டி டார்லீன். மூணு பிள்ளைக, ஒண்ணும் கூட இல்லை.

எனக்கு இங்கிலீசு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால சண்டையே வரல. அவரு பாட்டுக்கு அவரு பாஷையில பேசுவாரு, நான் பாட்டுக்கு நம்ம பாஷையில மழை பெய்யலையேன்னு சொல்லுவேன். அவரும் மழையைத்தான் சொல்லியிருப்பாரு, வேற எதைச் சொல்லப் போறாரு, காடு வச்சிருக்கிற சம்சாரி? பனி கொட்டுனா நான் கேக்காமலே டிராக்டரைக் கொண்டாந்து எங்க வாசலைத் தள்ளிட்டுப் போவாரு. அந்த ஊருல வண்டியில எதிர்ல வாரவங்களுக்கு ஸ்டியரிங்குல இருந்து ஒத்தை விரலைத் தூக்கிக் காட்டணும், அதுதான் வணக்கம். அதை எனக்குச் சொல்லிக்குடுத்தவரு ராய்தான். வேலுகிட்டக் கேட்டு நம்ம பாஷையில ஒரே ஒரு வார்த்தை படிச்சு வச்சிருந்தாரு. எப்பம் பாத்தாலும், "முத்து, சாப்டாச்சா?" அம்புட்டுத்தான். அர்த்தராத்திரியில பாத்தாலும் அதையேதான் கேப்பாரு.

நான் போன புதுசுல டார்லீன் இந்தப் பாத்திரத்துல என்னமோ சுட்டுக் கொண்டாந்து குடுத்தா. அங்கன அது பழக்கம். யாராவது புதுசா வந்தா, நோவுல கிடந்தா, வீட்டுல சாவு விழுந்தா, பாத்திரத்துல செஞ்சு கொண்டாந்து வைப்பாக. அடியில பாரு, ஒட்டியிருக்கே, அவ பேரு. பாத்திரம் மாறிரக்கூடாதுல்ல. உள்ள இருந்தது எனக்கு வாயில வைக்க முடியல, உப்பில்லாம உறைப்பில்லாம. ஆனா பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கலாமா? பேச்சி ஒருநாளும் குடுக்க மாட்டா. ஒண்ணுமே இல்லைன்னாலும் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் குடுப்பா. நான் முறுக்கு சுத்திப் போட்டுக் குடுத்தேன். டார்லீன் சும்மா இருப்பாளா, அதுல பழத்தை வேகவச்சுக் குடுத்தா. நான் அதிரசம். அவ என்னமோ ஒரு ரொட்டி. இந்தப் பாத்திரம் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நடந்தே தேஞ்சிருக்கும். நம்ம மிளகாய் விதையை ராய் அவரு தோட்டத்துல போட்டு, காய்ச்ச முதல் காயை என் கண்ணு முன்னால கடிச்சாரு. மனுசன் அழுதுட்டாரு. அழுதுக்கிட்டே இன்னொண்ணையும் கடிச்சாரு. வீம்பு.

தீயணைப்பு ஆபீசுல மாசம் ஒரு சனிக்கிழமை ஊருக்கே காலைச் சாப்பாடு போடுவாக. சாப்புட்டவுக இஷ்டம்போல உண்டியல்ல போடலாம், அந்தக் காசுலதான் சாமான் வாங்குறது. எப்பம் பாத்தாலும் ஒரே இனிப்புத் தோசை. ஒருநாள் ராய் என் கையைப் பிடிச்சு அடுப்புக்கிட்டக் கொண்டுபோய் நிறுத்திட்டாரு. நான் பரோட்டா வீசுனேன் தாயி. பிள்ளைகள்லாம் சுத்தி நின்னு வாயைப் பிளந்து பாக்குது. பக்கத்து ஊருல இருந்தெல்லாம் வந்து வரிசையில நின்னாக. அந்த வருசக் காசுல புதுசா ஒரு சாமான் வாங்குனாக. தானியத்துக்குள்ள ஆளு புதைஞ்சுட்டா, அவரைச் சுத்தித் தகரத்தை இறக்கி, அதுக்குள்ள கிடக்கிற தானியத்தை அள்ளிட்டு ஆளைத் தூக்குற சாமான். அங்கன அடிக்கடி நடக்குமாம் அது. வேலுதான் அதுல பழகியிருந்தான். ஒரு சனிக்கிழமை ராயையே மக்காச்சோளத்துக்குள்ள இறக்கி நிக்கவச்சு எல்லாருக்கும் செஞ்சு காட்டுனான். மனுசன் இடுப்பு வரைக்கும் புதைஞ்சு நின்னுக்கிட்டு என்னையப் பாத்து, "முத்து, சாப்டாச்சா?"ன்னாரு. ஒரே சிரிப்பு.

இந்த வருசத் திதிக்கு வாரேன். புரட்டாசி. அவுகளுக்கு அறுப்பு தொடங்குற நேரம். சனிக்கிழமை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எங்கயோ தூரத்துல விளையாட்டுப் போட்டி, ஊரே பஸ்ஸு பிடிச்சுப் போயிட்டுது. முடிவெட்டுறவரும் மெக்கானிக்கும்கூடப் போயிட்டாக. வேலு அவுககிட்ட, எங்கம்மா திதி, நான் வீட்டுலதான் இருப்பேன், நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்கான். யாரு சொல்லச் சொன்னா? திதி நாள்ல எவனாவது முறை எடுத்துக்கிடுவானா? அன்னைக்குப் பேஜர் வச்சிருந்தது அவனும் தபால்காரம்மாவும்தானாம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முன்னாலயே சொன்னான்னு அவன் சொல்லுதான். சொல்லியிருப்பான். வடைக்கு அரைக்கிற மும்முரத்துல காதுல விழுந்திருக்காது.

முந்துன நாள் சாயங்காலம் ராய் இந்தப் பாத்திரத்தைக் கொண்டாந்தாரு. டார்லீன் ஆப்பிளைப் போட்டு என்னமோ சுட்டிருந்தா. உங்கம்மா நினைவு நாளாமேன்னு வேலுகிட்டச் சொல்லி, பேச்சி படத்துக்கு முன்னால தொப்பியைக் கழத்திட்டு நின்னாரு. போகையில வண்டியில இருந்து கேட்டாரு, அதையேதான்.

மறுநாள் வேலு குளிக்கப் போனான். பேஜரைக் கழத்தி மேசை மேல வச்சுட்டுப் போனான். எனக்குப் போன வருச இலைதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. நான் அதை அணைக்கல தாயி. அணைக்க எனக்குத் தெரியவும் தெரியாது. அரிசி வாளிக்குள்ள பைய வச்சேன். மேல ரெண்டு கை அரிசியை இழுத்து விட்டேன். அரிசி என்ன விஷமா? கண்ணுல ஒத்திக்கிற சாமான். ஒரு மணி நேரம், காக்கா சோறு எடுக்கிற வரைக்கும். பிறகு எடுத்து இருந்த இடத்துல வச்சிருவோம்னு நினைச்சேன். போன் அந்த வீட்டுக்குள்ள எடுக்காது, அதனால அந்தத் தொந்தரவு இல்லை.

வேலு குளிச்சுட்டு வந்து பேஜரைத் தேடுனான். எங்கயோ இருக்கும்லே, முதல்ல அம்மாவைக் கும்பிடுன்னேன். ரெண்டு தடவை தேடுனான். நேரம் போகுதுன்னு சத்தம் போட்டேன். வந்து உக்காந்தான். நல்லபடியா இலை போட்டோம். சாம்பிராணி போட்டோம். முத்தத்துல சோத்தை வச்சுட்டுக் காக்காயைக் கூப்பிடுதோம், வரல. பூராக் காக்காயும் ராய் வீட்டுக் குதிருக பக்கம் சுத்துது. பழைய மக்காச்சோளத்தை இறக்கிட்டிருந்தாக போல, சிந்துனதைத் தின்ன வந்திருக்கும்.

அப்பம்தான் கேட்டுச்சு. எங்காதுதான் சுத்தமாச்சே. அடுப்படியில, வாளிக்குள்ள, அரிசிக்கு அடியில. பல்லி கத்துறாப்புல. வேலுக்குக் கேக்கல. அவன் வெளிய நின்னு வானத்தைப் பாத்துட்டிருக்கான். நின்னுச்சு. பிறகு மறுபடியும் கேட்டுச்சு. நான் இன்னும் சத்தமா "கா கா"ன்னு காக்காயைக் கூப்பிட்டேன். காக்காயைச் சத்தம் போட்டுத்தான கூப்பிட முடியும்? நீயே சொல்லு.

வந்துச்சு தாயி. ஒத்தைக் காக்கா, நல்ல பெருசு. வேலியில உக்காந்து தலையைச் சாச்சுப் பாத்துட்டு இறங்கிவந்து, வடையை முதல்ல எடுத்துச்சு. பேச்சிக்கு வடைன்னா அப்படி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பையனும் அழுதான். வாங்கப்பா சாப்பிடலாம்னான். அதைக் கேக்கத்தான் நான் ஒரு வருசமாக் காத்துக்கிடந்தேன்.

இலையில உக்காந்தோம், புழுதி கிளம்ப ஒரு வண்டி வந்துச்சு. முடிவெட்டுறவரோட பொண்டாட்டி. கால் ஊனம், அதனால போட்டிக்குப் போகல. அந்த ஊருல வயசானவுக வீட்டுல ஆம்புலன்சு ரேடியோவைப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பாக. அதுல கூப்பிட்டுக் கூப்பிட்டும் வேலு பதில் குடுக்கலைன்ன உடனே, இவளே வண்டியை எடுத்துட்டு வந்துட்டா. வேலு எச்சிக் கையோட எந்திரிச்சு ஓடுனான். இந்த வருசமும் அவன் பாதிச் சாப்பாட்டுலதான் போனான்.

ராய்தான். கட்டிதட்டிப் போன சோளத்தைக் குத்திவிடக் குதிருக்குள்ள இறங்கியிருக்காரு. கீழ சோளத்தை இறக்குற மிஷின் ஓடுது, சோளம் உள்ள இழுத்துருச்சு. தபால்காரம்மா முதல்லயே போயிட்டாளாம். ஆனா அந்தத் தகரச் சாமானை ஒத்தை ஆளா இறக்க முடியாது, அவளுக்கு அது பழக்கமும் இல்லை. வேலு போய்ச் சேரையில ஒண்ணும் செய்றதுக்கில்லாமப் போச்சு. சோளத்துக்குள்ள போனா கொஞ்ச நேரம்தான்னு டாக்டரே சொல்லிட்டாராம். பிறகு என்ன? விதி முடிஞ்சவருக்கு ஆரு வந்து என்ன?

டார்லீன் மட்டும் வேற சொல்லுதாளாம். முதல்ல நெஞ்சு வரைக்கும்தான் புதைஞ்சிருந்துச்சாம். மேல இருந்து இவ பேசப் பேசப் பதில் சொல்லிட்டே இருந்தாராம். வேலு வந்துருவான், பயப்படாதன்னு அவருதான் இவளுக்குச் சொன்னாராம். பொம்பளை பதட்டத்துல நேரத்தைக் கூட்டிச் சொல்லுவா. நான் அதைக் காதுல வாங்கிக்கிடல.

எனக்கு அன்னைக்கே காய்ச்சல் கண்டுட்டு. ரெண்டு மூணு நாளு எந்திரிக்கல. வேலு கஞ்சி வைக்கப் போனான். டம்ளரை அரிசிக்குள்ள விட்ட சத்தம் படுத்துக்கிடந்த எனக்குக் கேட்டுச்சு. அரிசியில டம்ளர் முட்டுற சத்தம் வேற, பிளாஸ்டிக்குல முட்டுற சத்தம் வேற. பிறகு ரொம்ப நேரம் அடுப்படியில ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அடுப்பு எரிஞ்சுது. கஞ்சி கொண்டாந்து குடுத்தான். பக்கத்துலயே உக்காந்து நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தான். கஞ்சியில உப்புப் போட மறந்திருந்தான், நானும் சொல்லல.

தீயணைப்பு ஆபீசுக்குப் போயி, பேட்டரி செத்துப்போச்சு, நான் பாக்கலைன்னு சொல்லிட்டு பேஜரைத் திருப்பிக் குடுத்துட்டான். அந்த ஊருச் சனம் வாயைத் திறந்து ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலை. ரோட்டுல எம்மகன் விரலைத் தூக்குதான், எதிர்ல வாரவங்க நேராப் பாத்து ஓட்டிட்டுப் போறாக. எத்தனை வீட்டுக் கிழங்கட்டைகளைத் தூக்கிட்டு ஓடியிருப்பான் அவன்! ஒரு நாளு தவறிட்டா இப்படியா? அதான் தாயி எனக்கு ஆத்தாமை. மனுசனை அறியாத சனம். வருசம் பூரா என் பரோட்டாவைத் தின்னுருக்காக.

டார்லீன் வீட்டுக்கு ஊரே பாத்திரம் பாத்திரமாக் கொண்டு போச்சு. நான் போகல. காய்ச்சல்காரன் எப்படிப் போக? பிறகும் போக முடியல. பிறகு, உங்களுக்குக் குளிரு ஒத்துக்கலப்பான்னு வேலுவே டிக்கெட்டு எடுத்துட்டான். குளிரே இன்னும் வரல தாயி. அவுக பாத்திரத்தைக் குடுத்தாச்சாப்பான்னு கேட்டான். குடுத்தாச்சுன்னேன். அப்பமே வேட்டியில சுத்திப் பொட்டிக்குள்ள வச்சுட்டேன்.

விமானத்துக்கு உள்ள போகையில ஒண்ணே ஒண்ணு சொன்னான். "அப்பா, இனிமே அம்மா திதியை நீங்க அங்கயே வச்சுக்கிடுங்க." பெத்த தாய்க்குச் செய்ற பிள்ளை சொல்லுற பேச்சா இது? திரும்பிப் பாத்தேன். நான் உள்ள போற வரைக்கும் நிக்கல. போயிட்டான்.

ராஜபாளையம் வந்துட்டா? பைய இறங்கு தாயி, பையை நான் எடுத்துத் தாரேன். இரு, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. நீ வீடு வாசல் பாத்த பொம்பளைப் பிள்ளை, உனக்குத் தெரியும். சீனி போட்டுக் குடுக்கலாம்னு பாத்தேன், சாவு வீட்டுக்கு இனிப்பு ஆகாது. அரிசி போடலாம்னு வாளி வரைக்கும் போனேன், கை உள்ள போகல. வெறுமனே குடுக்க மனசு இல்லை. புருசன் செத்த வீட்டுப் பாத்திரம், அந்தப் பொம்பளை இதைத் தேடிட்டிருப்பா, அடியில அவ பேரு வேற இருக்கு.

இதுல என்னத்தப் போட்டுத் தாயி நான் திருப்பிக் குடுக்க?